ரா.

ஜீரோ கேட்டில் டிரெய்லர்கள் நகராத ஞாயிறு.
உரம் ஏற்றி வந்த கப்பலுக்கு
நான்தான் ஏஜென்சி குமாஸ்தா.
ஆள் பட்டியலில் இருபத்தொரு பேர்.
ஏழாவது பெத்ரோவ்.
பதினொன்றாவது பெத்ரென்கோ.
பதினாறாவது பெத்ரோவிச்.

வேலைக்குச் சேர்ந்த வருடம்
ஒருவரின் கரையிறங்கு சீட்டில்
இன்னொருவரின் படத்தை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.
இமிக்ரேஷன் அதிகாரி அன்று பார்த்த பார்வை
கொருக்குப்பேட்டையும் தண்டையார்பேட்டையும்
ஒன்றுதானே என்று கேட்கும்
மாம்பலத்துக்காரரை நான் பார்க்கிற பார்வை.

சாயங்காலம் மெயில் வந்தது.
தந்தை காலமானார், தெரிவிக்கவும்.
கட்டம் சிறியது போல.
பெயர் பெத்ர்- என்பதோடு அறுந்திருந்தது,
ஊர் பெத்ரோ- என்பதோடு.
ஏழாம் எண்ணுக்கு ஊர் பெத்ரோசவோத்ஸ்க்,
பதினொன்றுக்கு பெத்ரோபாவ்லிவ்கா,
பதினாறுக்கு, கடலோரம், பெத்ரோவாத்ஸ்.
ஏதென்ஸ் ஆபீசில்
ஞாயிற்றுக்கிழமை யார் போன் எடுப்பார்கள்?

ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஏணி ஏறினேன்.
கேப்டன் மூவரையும் மெஸ்ஸுக்குக் கூப்பிட்டார்.
சொல்ல வேண்டியதை
அவர்தான் சொன்னார், மேசையைப் பார்த்தபடி.

மூன்று போன்கள் வெளியே வந்தன.
பெத்ரோவின் ஊரில் பனி, லைன் போகவில்லை.
பெத்ரென்கோவின் ஊரில் கரண்ட் இல்லை,
ஏன் இல்லை என்று பெத்ரோவ் கேட்கவில்லை,
அவனுக்குத் தெரியும்.
பெத்ரோவிச்சின் அப்பா தனியாக இருப்பவர்,
எட்டு மணிக்கு மேல் போனை எடுக்கிற பழக்கமே கிடையாதாம்.

ஆக, மூன்று அப்பாக்களும்
பாதி செத்திருந்தார்கள்.

சமையல்காரன் டீ வைத்துவிட்டுப் போனான்.
யாரும் தொடவில்லை.
ஏதாவது பேச வேண்டுமென்று பெத்ரோவிச் கேட்டான்:
உன் குடும்பப் பெயர் என்ன?
எங்களுக்குக் கிடையாது என்றேன்.
ஓர் எழுத்து உண்டு. அதுவும் அப்பாவுடையது.
பள்ளியில் எங்கள் வகுப்பில்
சூ. மெட்டில்டா, அ. மெட்டில்டா,
நான் ரா.
ரா என்றால்?
ராயப்பன்.
அப்படியென்றால்?

கன்டெய்னர்களுக்கு மேலே
கோபுரம் தெரியாத இருட்டில் கை காட்டினேன்.
அந்தக் கோயில்காரர். மீன்பிடித்தவர்.
கையில் சாவி வைத்திருப்பார்.
மூன்று முறை தெரியாது என்று சொல்லிவிட்டு
சேவல் கூவியதும் அழுதவர்.
எங்கள் பேட்டைக்கே அவர் பெயர்தான்.

பெத்ரென்கோ முதலில் நிமிர்ந்தான்.
பெத்ரோ, என்றான்.
பெத்ரோ, என்றான் பெத்ரோவ்.
இரு நாட்டுக்கும் நடுவில்
அன்று அவர்கள் பேசிய ஒரே சொல்.

அப்புறம் மேசையில் நால்வர் இருந்தோம்.

இரண்டு மணி பத்துக்குத் திருத்தம் வந்தது,
முழுப் பெயரோடு, மன்னிக்கவும் என்ற வார்த்தையோடு.
யார் என்று இங்கே எழுதப் போவதில்லை.
மற்ற இருவரைத்தான் சொல்ல முடியும்:
தோள்கள் தாமாக இறங்கிவிட்டன,
இறங்கியது அவர்களுக்கே தெரிந்துவிட்டது.
ஒருவன் எழுந்துபோய்
குடிக்காத கோப்பையைக் கழுவினான், நெடுநேரம்.
இன்னொருவன் என் ஹெல்மெட்டை எடுத்து
அதன் பட்டையைச் சரிசெய்வதாகப் பாவனை செய்தான்.

பெற்றுக்கொண்டேன் என்று அவன் கையெழுத்திட்டான்.
சாட்சிக்குக் கீழே நான்:
ரா. மெட்டில்டா.
அந்தப் புள்ளி கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது.

கேட்டை விட்டு வரும்போது
காசிமேட்டில் ஏலம் தொடங்கியிருந்தது.
ஆறு வருடமாகக் கூப்பிடாத நம்பர்,
திருவொற்றியூர் தேரடிப் பக்கம்
இன்னொரு வீட்டில் இருக்கிற நம்பர்,
மணி அடித்தது.
எடுத்துவிட்டார்.

நான் மெட்டில்டா பேசுறேன், என்றேன்.

ஐஸ் உடைக்கிற சத்தத்தில்
முதலில் காதில் விழவில்லை.
எந்த மெட்டில்டா? என்று கேட்டார்.