எட்டு

ஆஸ்த்ராவா நகரில் எட்டாம் எண் டிராமைப்
பத்தொன்பது வருடம் ஓட்டினேன்.
வலிக்கு எண் கேட்டபோது
நாக்கில் முதலில் வந்தது அதுதான்: எட்டு.
டாக்டர் குபாலோவா சிரித்தார்.
மூன்று வருடம் அதே எண்ணைச் சொன்னேன்.
பிறகு அவர் சிரிக்கவில்லை.

இடுப்பில் கிளம்பி இடக்கால் சுண்டுவிரல் வரை
நிறுத்தமே இல்லாத தடம்.
ஏற ஆள் இல்லை, இறங்க ஆள் இல்லை.
பணிமனைக்குத் திரும்பாமல்
இரவெல்லாம் காலியாக ஓடும்.
மாத்திரைகள் அதன் கண்ணாடியைத் துடைத்தன,
அவ்வளவுதான்.

முதலில் ஒரு வாரம் வெள்ளோட்டம்.
முதுகிலிருந்து இரண்டு கம்பிகள் வெளியே வந்து
பெல்ட்டில் மாட்டிய டப்பாவில் முடிந்தன.
குளிக்கக் கூடாது. குனியக் கூடாது.
அலமாரியின் மேல்தட்டை மறந்துவிட வேண்டும்.
வ்லாஸ்திமில் என்னை நாற்காலியில் உட்காரவைத்து
ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்தார்,
கல்யாணமான புதிதில்கூடச் செய்யாத காரியம்.
நான்காம் நாள் சூப் கிண்டிக்கொண்டிருந்தேன்.
நின்றுகொண்டு கிண்டுகிறேன் என்பது
சூப் பொங்கி அடுப்பில் வழிந்தபோதுதான் உறைத்தது.

உள்ளே வைத்துத் தைத்தபின்
ப்ர்னோவிலிருந்து ராடோவான் வந்தான்,
மடியில் ஒரு திரை, தாடியில் ரொட்டித் துணுக்கு.
"எறும்பு எங்கே ஊர்கிறது?"
தொடை. இன்னும் கீழே. முழங்கால்.
இல்லை, தாண்டிவிட்டாய், திரும்பி வா.
அங்கேதான்.

"இது பேசுவதோடு நிற்காது," என்றான்.
"ஒவ்வொரு துடிப்புக்கும்
உங்கள் நரம்பு என்ன பதில் சொல்கிறதென்று
காதுகொடுத்துக் கேட்கும்.
கேட்டு, அடுத்ததைத் திருத்திக்கொள்ளும்."
நொடிக்கு எத்தனை தடவை?
"ஐம்பது வைத்திருக்கிறேன்."
என் வீட்டுக்காரர் வருடத்துக்கு ஒரு தடவை, என்றேன்.
வ்லாஸ்திமில் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார்.

இருமச் சொன்னான். இருமினேன்.
இருமினால் முதுகில் சாட்டை விழும் என்று
பழைய கருவிக்காரர்கள் பயமுறுத்தியிருந்தார்கள்.
ஒன்றும் விழவில்லை.
வளைவுக்கு முன்பே கைப்பிடியைத் தளர்த்தி,
நிற்கிறவர் கையில் காப்பி சிந்தாமல்
வண்டியைத் திருப்பியிருக்கிறது யாரோ ஒரு கை.
அந்தக் கையை எனக்குத் தெரியும்.
அது என் தொழில்.

ஜனவரியில், பனி கொட்டிய ஓர் இரவு,
அதை அணைத்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
முதலில் ஒன்றும் இல்லை.
சமையலறைக் கடிகாரம் மட்டும்.
பிறகு, வண்டி வருமுன்னே
தண்டவாளம் முனகுமே, அந்த முனகல்.
மூலை திரும்புகிறது. விளக்கு தெரிகிறது.
பலகையில் என் எண்.
அத்தனை வருடம் பழகிய முகத்தைப்
பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
பக்கத்தில் வந்து கதவு திறந்தபோது
பொத்தானை அமுக்கினேன்.

மார்ச்சில் ராடோவான் திரையைப் பார்த்தான்.
"பன்னிரண்டாம் தேதி இரவு, பதினொரு நிமிடம்,
அணைந்திருக்கிறதே?"
கை தெரியாமல் பட்டிருக்கும், என்றேன்.
குறித்துக்கொண்டான்.
ஐம்பது தடவை கேட்கிற பெட்டிக்கும்
அதற்குமேல் தெரியவில்லை.

எண் கேட்டான்.
மூன்று, என்றேன்.
மூன்றாம் எண்ணை நான் ஓட்டியதே இல்லை.
எப்போதாவது ஏறியிருக்கிறேன், பயணியாக.
கொஞ்சம் குலுக்கும்.
உட்கார இடம் கிடைக்கும்.