இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

தண்டையார்பேட்டையில் ரஸ்ட் என்று சொன்னால்
ஜன்னல் கம்பியைக் காட்டுவார்கள்,
பைக் செயினை, தண்ணீர் டேங்க் மூடியை.
உப்புக்காற்று ஏற்றிய துருவை நகத்தால் சுரண்டி
இதுக்கு ஒரு சங்கமா என்று கேட்டார் மஸ்தான்,
ஜெராக்ஸ் கடை மாடியை
ஞாயிறு மாலைகளில் எங்களுக்கு
இருநூறு ரூபாய்க்கு விடுகிறவர்.
ஆமாம் பாய், துருச் சங்கம்.
போர்டிலும் அப்படியே எழுதிவிட்டோம்.

ஏழு பேர், மூன்று லேப்டாப்.
ஷம்சீரின் சார்ஜருக்கு எப்போதும் வரிசை.

அந்தப் பக்கம்
கொக்குவிலில் ஒரு டியூட்டரி, ஐந்து பேர்.
நேர வித்தியாசம் கிடையாது.
அவர்கள் ஜன்னலிலும் எங்கள் ஜன்னலிலும்
ஏறக்குறைய ஒன்றாகவே இருட்டும்.

கம்பைலர் இங்கிலீஷில் திட்டுகிறது,
அதைத் தமிழில் திட்ட வைக்க வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.
எட்டு மாதத்தில் இருநூற்றுப் பதினொரு திட்டுகள் முடித்தோம்.
அடுத்த வரியில் வந்து நின்றது
பாரோ.

கடன், என்றான் எபினேசர்.
தண்டல் கட்டுகிற வீட்டுப் பிள்ளை,
அவனுக்கு வேறு என்ன தோன்றும்.
கடன்னா வட்டி கீதே, இதுல வட்டி ஏது,
கைமாத்துன்னு போடு, என்றாள் டெல்பினா.
ஸ்பீக்கரில் கொஞ்சம் கரகரப்பு.
பிறகு தர்ஷிகா:
"கைமாத்து வாங்கினா
அதே தாளையோ திருப்பிக் குடுக்கிறனீங்கள்?
வேற தாள்தானே.
இதில எடுத்த சாமான் எடுத்தபடி திரும்ப வேணும்.
இரவல் எண்டு போடுங்கோ."

யாரும் பேசவில்லை. சரியான சொல் வந்துவிட்டால்
சண்டை போட ஒன்றும் இருப்பதில்லை.

அப்போதுதான் கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் நுழைந்தது.
மைக்கை அணைக்கப் போனேன்.
"விடுங்கோ, எண்ணிக்கொண்டிருக்கிறன்"
என்றான் பிரணவன்.
தண்டவாள இணைப்பில் விழும் தட்டுகளை எண்ணி
ஐம்பத்தாறு பெட்டி என்றான்.
ஜன்னலில் நின்று பார்த்த நாங்கள் ஐம்பத்தெட்டு என்றோம்.
இரண்டு பெட்டி
வழியில் கடலில் விழுந்திருக்கும்.

உதாரணம் ஒன்று தேவைப்பட்டது.
டெல்பினா யோசிக்காமல் தட்டினாள்:
படகு.
தட்டியபின் விரலை எடுத்துக்கொண்டாள்.
தங்கச்சிமடத்துச் சித்தப்பாவின் படகு
மயிலிட்டியில் கட்டிக் கிடக்கிறது, பதினோரு மாதமாய்.
அதுவும் துருதான் பிடித்துக்கொண்டிருக்கும்.
பிரணவனின் அப்பாவுக்கு
சென்ற மாசியில் வலை போனது,
இழுவைப்படகு ஒன்று அறுத்துக்கொண்டு போனதில்.
இரண்டும் எல்லோருக்கும் தெரியும்.
எட்டு மாதமாக யாரும் வாயெடுத்ததில்லை.

எங்க சித்தப்பாவுதும் இழுவைதான், என்றாள்.
யாரும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.
ஓம், என்றான்.

அங்கே மழை பிடித்திருந்தது, தகரத்தில் கேட்டது.
படகை அழித்துவிட்டுக் குடை என்று போட்டேன் நான்.
இரவல் போன குடை திரும்பாது என்பது
இரண்டு ஊருக்கும் தெரிந்த விஷயம்.
சிரித்தார்கள். ஓடவிட்டோம்.
இரண்டு திரையிலும் சிவப்பில் வந்தது:

*பிழை: குடை இரவலில் இருக்கிறது.
திரும்பி வரும்வரை
சொந்தக்காரரும் அதைத் திருத்த முடியாது.*

சொந்தக்காரர் என்றால் மாமா மச்சானா, என்று
கொக்குவிலில் யாரோ கேட்டார்கள்.
அது அடுத்த வாரச் சண்டை.
மஸ்தான் பாய் சாவியை ஆட்டினார்.
ஷம்சீரின் சார்ஜரைக் காணோம்.

காலையில் டீ குடித்தபடி திருத்த வரலாற்றைத் திறந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி,
குடை நீக்கப்பட்டு
மீண்டும் படகு.
திருத்தியது பிரணவன்,
இரவு இரண்டு பதினான்கு.
ஒப்புதல் தந்தது டெல்பினா,
இரண்டு பதினாறு.