நான்காம் நாள், பென்சிலில்

மற்ற நாட்களை எல்லாம் மையில் எழுதிவிட்டேன்.
கித்தோவில் இறங்குவது, மலைச்சரிவில் ரீங்காரச்சிட்டுகள்,
சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டிகளின் தோட்டத்துக்கு ஆளுக்கு ஐந்து டாலர்,
மூன்றாம் நாள் மழை வந்தால் படுத்துத் தூங்குவது.
மழை வரும்.
நான்காம் நாளை மட்டும் பென்சிலில் எழுதுகிறேன்.

டென்மார்க்கிலிருந்து கேட்கிறார்கள்:
குடைப்பறவையைப் பார்க்க முடியுமா, எத்தனை சதவீதம்?
ஹென்னிங்குக்கு எழுபத்தொன்பது வயது, இடது முழங்கால் உலோகம்.
லிஸ்பெத்துக்குப் பறவை ஒரு பொருட்டில்லை,
விடியுமுன் நல்ல காப்பி கிடைக்குமா என்பதுதான்.
அவளுக்கு என்னால் நூறு என்று எழுத முடியும்.

கரிய பறவை. கொண்டை முன்சாய்ந்து அலகை மூடிவிடும்.
நெஞ்சிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கும் சதை,
யாரோ கட்டிவிட்டு
அவிழ்க்க மறந்த கழுத்துப்பட்டை போல.
ஆண்கள் விடியலில் கூடி, ஊதிப் பெருத்து,
மாடு கத்துவதுபோலக் கத்தும்.
எங்கள் ஆற்றங்கரையில் அதற்குக் காட்டுப்பசு என்றே பேர்.

நான் அறிய அவை கூடுகிற இடங்கள் ஐந்து.
ஒன்று போன டிசம்பரில் எண்ணெய்ப்பனைக்குப் போனது.
ஒன்றில் மரம் இருக்கிறது, பறவை இல்லை;
ஏனென்று மரத்தைத்தான் கேட்கவேண்டும்.
இரண்டின் சொந்தக்காரர்கள் கோர்ட்டில் இருக்கிறார்கள்,
அவர்களுடைய நாய்கள் வேலியோரம் இருக்கின்றன.
ஐந்தாவதைச் சொன்னவன் என் தம்பி நெய்வர்.

நெய்வர் மரம் அறுப்பவன்.
"மெஷினை அணைச்சிட்டு உட்கார்ந்தேன் அக்கா,
வாழைக்காயை வாயில வைக்கல, அதுக்குள்ள கத்துச்சு.
ஏழு இருக்கும். ஒண்ணு என்னையே பாத்துச்சு."
இருபது வருஷமாகத் தொலைநோக்கியும் கையுமாக அலைகிற என்னை
ஒன்றும் அப்படிப் பார்த்ததில்லை.

அவன் கம்பெனி போட்ட மண்பாதை இல்லாமல்
ஹென்னிங்கின் முழங்கால் அங்கே ஏறாது.
பாதை வந்த காரியம் முடிந்துவிட்டால்
ஏறிப் பார்க்க அங்கே ஒன்றும் இராது.
இந்த இரண்டுக்கும் நடுவில் என் பிழைப்பு,
ஒரு லாரி அகலத்துக்கு.

நேற்று இரவு போனில் கேட்டேன்,
அந்தச் சரிவை எப்போது தொடுவீர்கள் என்று.
"முதலாளி சொல்லணும். மழை விடணும். டீசல் வரணும்."
பிப்ரவரி பன்னிரண்டு வரைக்குமாவது?
சிரித்தான்.
"எவ்வளவு தருவாங்க, உன் வெள்ளைக்காரங்க?"
பாதியைத்தான் சொன்னேன். பாதிக்கே பேச்சு நின்றுவிட்டது.
பின்னால் அவன் வீட்டில் குழந்தை அழுதது, யாரோ டிவியைக் குறைத்தார்கள்.
"மெஷினை ரிப்பேருக்குப் போட்டுக்கிறேன். எட்டு நாள்.
எட்டுக்கு மேல என்னால ஆகாது.
என்கிட்ட மட்டுந்தான் மெஷின் இருக்குன்னு நினைச்சுக்காத."

போன வருஷம் டொரான்டோவிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள்.
இருட்டில், முதலாவது இடத்தின் ஓரத்தில் நின்றோம்.
தாழ்ந்த குரலில் ஏதோ கத்தியது.
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், கண்ணை மூடிக்கொண்டாள்.
அது மாடு.
புதிதாக வேலி கட்டிய மேய்ச்சல் நிலம், புதிதாக வாங்கிய மாடு.
சொல்லத்தான் வேண்டும், சொன்னேன்.
ஆனால் உடனே சொல்லவில்லை.
அது மறுபடி கத்தும்வரை அவள் கையை அப்படியே விட்டிருந்தேன்.

நான்காம் நாள்: புறப்பாடு அதிகாலை மூன்று நாற்பது.
மரலாரிகள் ஐந்தரைக்கு இறங்கும், அதற்குள் மேலே போய்விட வேண்டும்.
ரப்பர் பூட்ஸ். மடக்கு நாற்காலி ஒன்று, ஹென்னிங்குக்கு.
காப்பி இரண்டு பிளாஸ்க்.
குடைப்பறவை:
நாற்பது என்று எழுதினேன்.
பார்க்கப் பார்க்க அதிகமாகத் தெரிந்தது.
அழிரப்பரைத் தேடினால் காணோம்,
மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிருப்பாள்.
சரி, இருக்கட்டும் நாற்பது,
அவள் வருகிறவரைக்கும்.