எட்டு ஆட்டம்

பிள்ளைக்காம்பரா வாசலில் கூட்டம் வைத்தார்கள்.
எட்டு ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை.
செயலாளர் இராயப்பன் கொப்பியைத் திறந்து
காரணங்கள் என்று எழுதி அடியில் கோடிட்டார்.

பூட்ஸ் சரியில்லை என்றான் ஒருத்தன்.
பந்து கல்லு மாதிரி என்றான் இன்னொருத்தன்.
கோயில் பக்கம் மைதானம் மேல்நோக்கி ஏறுகிறது,
அடித்த பந்து திரும்பி வந்து
அடித்தவன் காலிலேயே நிற்கிறது.
கிளாக்கர் மகன் போனில் ஒரு படம் காட்டினான்,
நாலு, மூணு, மூணு,
அம்புக்குறி போட்டு.
அம்புக்குறிக்கு மூச்சு வாங்காது.

என்னை யாரும் கேட்கவில்லை.
கோல்கீப்பரிடம் யார் கோலைப் பற்றிக் கேட்பார்கள்?
ஆனால் பனிமூட்டம் இறங்குகிற நேரம் போக
ஆட்டம் முழுக்க அவர்கள் முதுகைப் பார்ப்பவன்
நான் ஒருத்தன்தான்.

இடது பக்கம் லோகிதன்.
புறக்கோட்டையில் துணிக்கடை.
சனி இரவு கடை பூட்டி,
கோச்சியில் கக்கூஸ் கதவோரம் நின்றபடி தூங்கி
ஹட்டனில் இறங்கும்போது விடிந்திருக்கும்.
கொடுத்த பந்தை
யாரோ விரித்துக் காட்டச் சொன்ன சேலை மாதிரி
கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நிற்பான்.
பிறகு பக்குவமாக மடித்து வைப்பான்
எதிராளியின் காலில்.

வலது பக்கம் டெஸ்மன்.
வாரம் முழுக்க மருந்தடி,
முதுகில் பதினாறு லீட்டர் டாங்கி.
ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றி வைக்கிறான்.
கழற்றியதை முதுகு நம்பவில்லை.
உயரப் பந்து வந்தால் குனிகிறான்.
தலையால் முட்டுடா, முட்டுடா என்று கத்துகிறார்கள்.
சிந்தாமல் நடக்கப் பழகியவன் எப்படிக் குதிப்பான்?

நடுவில் மருதை.
அவனைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.
மூன்று வருடத்துக்கு முன் நோர்வூட்டில்
ஒரே ஆட்டத்தில் நாலு அடித்தவன்.
இப்போது கால் கூசுதாம், பயந்தாங்கொள்ளியாம்,
கலியாணம் கட்டினால் இப்படித்தானாம்.
மருதை பிளேன்டீயை ஊதிக்கொண்டிருந்தான்.

நான் சொல்லியிருக்கலாம்.
ஐந்தாம் நம்பர் லயத்துக்கு மேலே மண்ணில் வெடிப்பு.
வந்தார்கள், அளந்தார்கள்,
ஆபத்து என்று தாளில் எழுதினார்கள்,
மழைக்கு மட்டும் பள்ளிக்கூடத்தில் படுங்கள் என்றார்கள்.
நாலாவது காம்பராவில் மருதையின் மனைவி, கைக்குழந்தை.
மைதானத்தில் முதல் தூறல் விழும்போது
எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள்.
மருதை மலையைப் பார்ப்பான்.
ஒரு நொடிதான்.
கோல் அடிக்க அதைவிட அதிக நேரம் யாரும் தருவதில்லை.

மஸ்கெலியாக்காரர்களோடு ஆடிய அன்று
அவர்கள் கீப்பர் வழுக்கி விழுந்து கிடந்தான்,
கம்பங்களுக்கு நடுவே வெறும் புல்.
மருதை காலை ஓங்கினான்.
எங்கேயோ ஒரு கல் உருண்டது.
மாடு மிதித்த கல்லாக இருக்கலாம்.
ஓங்கிய கால் அப்படியே நின்றது.

போர்வர்ட் லைன் சரியில்லை
என்று இராயப்பன் எழுதினார்.
எங்களுக்கு லைன் என்றால் பத்துக் காம்பரா, ஒரே கூரை.
ஒன்றில் ஒழுகினால் அடுத்த சுவர் ஊறும்.
அது சரியில்லை என்றும்
எத்தனையோ கொப்பியில் எழுதியிருக்கிறது.

ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை.
எட்டு ஆட்டத்தில் எனக்கும் ஒரு கோல் விழவில்லை.
எட்டும் சைபருக்குச் சைபர்.
சுவர் என்கிறார்கள் என்னை.
ஹட்டன் கடையில் ஒருத்தர்
வடைக்குக் காசு வாங்கவில்லை.
நானும் மறுக்கவில்லை.

ஆனால் எதிரே ஓடி வருகிற முகங்களைக்
கிட்டத்தில் பார்ப்பவனும் நான்தான்.
சிவந்த கண்.
டாங்கி இல்லாமலே குனிந்த தோள்.
போன மாதம் ஒரு பையன், தனியாக, என் முன்னால்,
அடிப்பதற்கு முன்
என் தலைக்கு மேலே, எங்கள் மலையையும் தாண்டி
தன் மலை இருக்கும் திசையைப் பார்த்தான்.
அந்த நொடியில் நான் பந்தைப் பிடித்துக்கொண்டேன்.
கை தட்டினார்கள்.

கூட்டம் முடிந்தது.
புதுப் பந்து வாங்குவதென்று தீர்மானம்,
ஆளுக்கு இருநூறு ரூபாய்.
நானும் போட்டேன்.
ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாவது ஆட்டம்,
மழை இருக்குமாம்.