சான்றுப்பொருள் மூன்று

முல்லைத்தீவு நீதிமன்றில்
பொலித்தீன் பையைத் தூக்கிக் காட்டினார்கள்.
ஓம் ஐயா, இந்த ஸ்பிரிங்கை எனக்குத் தெரியும்.
பழைய சீடி நூற்றிருபத்தைந்து ஒன்றின்
காபரேட்டருக்குள் இருந்தது.
ஒட்டுசுட்டானில், என் கராஜில்,
ஐம்பது ரூபா தந்து வாங்கினான் ஞானரூபன்.
என்னத்துக்கெண்டு நான் கேட்கேல்லை.

உழவில் கிளம்பிய பிஸ்டல்.
யானைக்கு வெருட்டு வெடி வைக்கலாமாம்.
விசை கல்லு மாதிரிக் கிடக்கு,
கொஞ்சம் இளக்கினால் சரி என்று
பிறகு மனிசிக்குச் சொல்லியிருக்கிறான்.

இளகியது.

அரிவுவெட்டு முடிந்த பின்னேரம்
சாரத்து மடிப்பில் அதைச் செருகிக்கொண்டு
மோட்டார்சைக்கிளை உதைத்தான்.
முதல் உதைக்கு ஒன்றும் இல்லை.
இரண்டாவதுக்கு வெடித்தது,
வண்டியில்லை.
விரல் கிட்டவும் போகவில்லை என்கிறாள் மனிசி,
இரண்டு கையும் ஹாண்டிலில் இருந்ததாம்.

தொடை.
மாங்குளம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் அரை மணித்தியாலம்.
அவ்வளவு நேரத்துக்கு அவனில் இரத்தம் இருக்கவில்லை.

'பழுதான சாமானா வித்தீர்?'
சட்டத்தரணி கேட்டார்.
இல்லை ஐயா.
ஒன்பது வருசம் அந்த வண்டிக்குள்
ஒரு பிழை விட்டதில்லை அது.

இப்போதெல்லாம்
ஸ்பிரிங் கேட்டு நடந்து வருகிறவனுக்கு
நான் விற்பதில்லை.