எடைமேடை

பாரிஸில் அந்த இரும்புக் கோபுரம் கட்டியவரே
எங்கள் குவிமாடத்தையும் கட்டினார் என்று
மபுட்டோவில் வழிகாட்டிகள் சொல்வார்கள்.
அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.
என்னைக் கேட்டால் மறுக்க மாட்டேன்.
பொய்யென்றாலும் நிலையத்துக்கு அது ஒரு சட்டை,
ஞாயிற்றுக்கிழமைச் சட்டை.

எனக்குப் பார்சல் அறை.
குவிமாடத்தின் எடை ஒன்றுதான் தெரியாது,
மற்றதெல்லாம் என் தராசில் ஏறி இறங்கியவை:
முந்திரி மூட்டை, கரி மூட்டை,
காது கடிபட்ட ஆடு,
வாரம் ஒருமுறை ஷிகுவலகுவாலா போகும் வண்டிக்கு
ஒரு மணப்பெண்ணின் கட்டில், கால்கள் தனியாக.

அலமாரியின் அடித்தட்டில்
போர்ச்சுகீசியர் காலத்துப் பேரேடுகள்.
தேனிறத்து மை. அழகான கையெழுத்து.
அழகு மட்டும்தான்.
"ஆட்கள், எழுநூற்றுப் பன்னிரண்டு, ரெஸ்ஸானோ கார்சியா வழியாக."
பெயர் இல்லை. சாமான் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
தங்கச் சுரங்கத்துக்குப் போகிறவனுக்குச் சாமான் எதற்கு?
திரும்பி வந்தால் மகாயிசா என்று பட்டம் கொடுத்தது ஊர்.
தகரப்பெட்டி, போர்வை, தையல் மிஷின்,
கிராமபோன்,
பிறகு இருமல்.
இருமலுக்குக் கட்டணப் பட்டியலில் வரி இல்லை.

இப்போது வெள்ளிக்கிழமை இரவானால்
முதல் பிளாட்பாரத்தில் சாக்ஸபோன்.
தூணில் சாய்ந்து கல்யாண ஜோடிகள் படம் எடுக்கிறார்கள்.
எடுக்கட்டும். வண்டி குறைந்த தண்டவாளமும்
எதற்காவது உதவவேண்டுமே.

மே மாதம் ஒரு செவ்வாய், மழை விட்டிருந்தது.
அர்செனியா முகாவேலே தகரப்பெட்டியோடு வந்தாள்.
எங்கே அனுப்ப?
எங்கேயும் இல்லை, நிறுத்துப் பார்த்தால் போதும் என்றாள்.
எண்பத்தேழில் கம்பெனி அனுப்பிய பெட்டி.
சாவி புருஷனிடம்.
புருஷன் எங்கே என்பது கம்பெனியிடம்.
உடைத்துத் திறக்கலாமே என்று கேட்க வாயெடுத்தவன்
கயிற்றைப் பார்த்தேன். புதுக் கயிறு.
வருஷா வருஷம் மாற்றுவாள் போல.

பேரேட்டைத் தேடி எடுத்தேன்: நாற்பத்தொரு கிலோ.
முள் முப்பத்தெட்டரையில் நின்றது.
துணி உலரும் என்றேன். பூச்சியும் இருக்கும்.
அவள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"பழைய எடைக்கே சீட்டுப் போடு" என்று
சில்லறையை எண்ணி வைத்தாள்,
நாற்பத்தொன்றுக்கு.
நானும் சுமைகூலி ஜெர்வாசியோவும் தூக்கிவிட்டோம்.
பெட்டி தலையில் ஆடாமல்
மினிபஸ் நிற்கும் பக்கம் போனது.

இரண்டரை கிலோ என் கணக்கில் இடிக்கிறது.
தணிக்கைக்காரன் கேட்பான்.
குறிப்பு என்ற கட்டத்தில்
"தராசைச் சரிபார்க்க வேண்டும்" என்று எழுதினேன்.
எல்லோரும் போனபின் நானே ஏறி நின்றேன்.
அறுபத்து நான்கு.
போன வாரமும் அதுதான்.