எரிந்துகொண்டுதான் இருக்கிறது

கெமியில் டிசம்பர்.
கடை ஷட்டரை நான் தூக்கி
கல்லாவில் சில்லறை எண்ணி முடிப்பதற்குள்
பொழுது வந்து, பொழுது போய்விடும்.
பனி வாரும் வண்டியை வாசலில் உறுமவிட்டு
உள்ளே வந்தார் தௌனோ கெரானென்.
பூட்ஸிலிருந்து உருகிய தண்ணீர்
மீன் தீனி அடுக்குவரை ஓடியது.

"தாடி ஓணானுக்கு ஒரு பல்ப். இருப்பதில் மலிவானது.
சிவப்பென்றால் நல்லது, ராத்திரி தூங்குமாம்."

மேல்மாடிக்காரன் வீடு காலி செய்தபோது
கண்ணாடிப் பெட்டியோடு படிக்கட்டில் விட்டுப் போனது.
கிடைத்த கிழமையே பெயராகிவிட்டது: செவ்வாய்.

சிவப்பு வேண்டாம் என்றேன்.
அதற்கும் கண் உண்டு,
இரவென்றால் இருட்டாக வேண்டும்.
அறை பதினெட்டுக்குக் கீழே இறங்கினால் மட்டும்
ஒளி விடாத பீங்கான் ஹீட்டர்.
பகலுக்கு வெள்ளை ஹாலோஜன், எழுபத்தைந்து வாட்,
பெட்டியின் ஒரு மூலையில். ஒரே மூலையில்.
மறுமூலை குளிர்ந்து கிடக்கட்டும்.
வெயிலுக்குப் போவதும் வெயிலை விட்டு வருவதும்
அதன் வேலை,
நீங்கள் செய்து தரக்கூடாது.

சூடேறும் கல் ஒன்றைக் கையில் எடுத்தார்.
பிடுங்காத குறையாக வாங்கி வைத்தேன்.
வயிறு வேகும்,
வேகிறதென்று அதற்குத் தெரியாது.
வெயில் மேலிருந்து வரும் என்று மட்டுமே
அந்த உடம்பு படித்திருக்கிறது.

தெர்மாமீட்டர் வேண்டுமா, கைவைத்துப் பார்க்கிறேனே என்றார்.
நாளெல்லாம் பனியில் கிடந்த கை அது,
அதற்கு எல்லாமே சூடு.
வாங்கிக்கொண்டார், சிரிக்காமல்.

"புற ஊதா டியூப்?"
"பெட்டியிலேயே இருக்கிறது. எரிகிறது."
"அப்போது போதும்" என்றேன்.

பிப்ரவரியில் மறுபடி வந்தார்.
சட்டைக்குள்ளிருந்து ஒரு கம்பளித் தொப்பி,
தொப்பிக்குள் செவ்வாய்.
முன்கால் விரல்கள்
யாரோ தட்டச்சு செய்வதுபோலத் துடித்தன.
கீழ்த்தாடையைத் தொட்டேன்,
அழிரப்பர் போல வளைந்தது.

"எரிந்துகொண்டுதானே இருக்கிறது" என்றார்.
மூன்று தடவை சொன்னார்.

கழற்றிக் கொண்டுவந்திருந்த டியூப்பின் முனையில்
அச்சடித்த தேதி, நான்கு வருடப் பழசு.
கண்ணுக்கான வெளிச்சம் மட்டும் மிஞ்சி
எலும்புக்கானது
என்றைக்கோ தீர்ந்துபோயிருந்தது.
கேட்காமல் விட்டவள் நான்.
கல்லைப் பற்றி அவ்வளவு பேசிய வாய்.

ஜன்னலுக்கு வெளியே சூரியன் இருந்தது,
கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி.
அதுவும் எரிந்துகொண்டுதான் இருந்தது.
காப்பியோடு வைட்டமின் மாத்திரை விழுங்காமல்
இந்த ஊரில் யாரும் வெளியே கிளம்புவதில்லை.
"எனக்கு மாத்திரை இருக்கிறது" என்று
தொப்பியைப் பார்த்துச் சொன்னார்.
என்னிடம் அல்ல.

புது டியூப்புக்குக் காசு வேண்டாம் என்றேன்.
சென்ட் பாக்கியில்லாமல் எண்ணி வைத்தார்.
பிறகு அந்தப் பனி வண்டியிலேயே,
பிளேடைத் தூக்கி நிறுத்திக்கொண்டு,
ஓவுலுவின் கால்நடை மருத்துவரிடம்
நூறு கிலோமீட்டர் போனார்.
பின்னால் வந்த லாரிகள் எல்லாம்
பொறுமையாக ஊர்ந்திருக்க வேண்டும்.

இப்போது நான் விற்கும் டியூப் ஒவ்வொன்றின் முனையிலும்
மார்க்கரால் தேதி எழுதித்தான் தருகிறேன்.
என்ன இது என்கிறார்கள்.
பார்த்தால் தெரியாது, அதனால்தான் என்கிறேன்.
சாத்துகிற நேரத்தில் கடையின் பெட்டிகளெல்லாம்
பளபளவென்று நிற்கின்றன.
ஒவ்வொன்றாகத் தேதி பார்க்கிறேன்.

மே மாதம் வெட்டுக்கிளி வாங்க வந்தார்.
தாடை கோணல் கோணல்தான்,
ஆனால் கடிக்கிறதாம்.
பத்து மணிக்குச் சூட்டு மூலைக்கு ஏறுகிறது,
இரண்டு மணிக்கு இறங்கி மறுபக்கம் போகிறது.
"நானும் நாற்காலியை நகர்த்திக்கொள்கிறேன்" என்றார்,
மீதிச் சில்லறையைச் சரிபார்த்தபடி.